அமெரிக்கச் செய்தி ஒன்று கைக்கு வந்தால் அதை எப்படிப் படிப்பது

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. எச்-1பி வேலை விசாவுக்கு 100,000 டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் கையெழுத்துப் போட்ட அன்று என் தோழி திருச்சியில் இருந்தாள். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அதற்காக இரண்டு வார லீவில் போயிருந்தாள். அங்கே சனிக்கிழமை விடிந்தபோது போன் முழுக்க மெசேஜ். ஞாயிறு பிறப்பதற்குள் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு லட்சம் டாலர் கட்டினால்தான் உள்ளே விடுவார்கள், அதுவும் வருஷா வருஷம் கட்ட வேண்டும் என்று. அவள் கம்பெனியிலிருந்தும் உடனே திரும்பி வரச் சொல்லி மெயில். அப்பாவுக்குச் சொட்டு மருந்து போட்டுவிட்டு, கண்ணில் மூடி ஒட்டிய கோலத்தில் அவர் வாசலில் நிற்க, டாக்சி பிடித்துச் சென்னைக்குக் கிளம்பிவிட்டாள். எந்த விமானத்தில் ஏறினாலும் கெடுவுக்குள் போய்ச் சேர முடியாது என்பது பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் விமான நிலையத்தில் பெட்டியோடு நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் வெள்ளை மாளிகையின் விளக்கம் வந்தது: ஆண்டுக் கட்டணம் கிடையாது, ஒரே முறைதான்; புதிதாக மனுப் போடுகிறவர்களுக்கு மட்டும்தான்; விசாவைக் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் திரும்பி வரப் பணம் கட்ட வேண்டாம்.

'வருஷா வருஷம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அன்றிரவே தேடினேன். வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக் நிருபர்களிடம் வாயால் சொன்னது அது. அதிபர் கையெழுத்திட்ட பிரகடனத்தில் ஆண்டுக் கட்டணம் என்று எங்கேயும் இல்லை. அதே சமயம், ஏற்கெனவே விசா உள்ளவர்கள் திரும்பி வரலாமா என்பதை அந்தப் பிரகடனம் தெளிவாகச் சொல்லவும் இல்லை. அதனால்தான் பெரிய பெரிய கம்பெனிகளே பயந்துபோய் ஆட்களைத் திரும்பி வரச் சொன்னார்கள். என் தோழி பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் அவள் பயத்தில் பாதியாவது, மைக் முன்னால் ஒருவர் சொன்ன வார்த்தையும் தாளில் இருந்த வார்த்தையும் ஒன்றாகக் கலந்து வந்ததால் உண்டான பயம். அது என் மனதை விட்டுப் போகவே இல்லை. அமெரிக்க அரசியல் பற்றி நம் ஆட்கள் இவ்வளவு பேசுகிறோம், சண்டை போடுகிறோம், நட்பை முறித்துக்கொள்கிறோம். செய்தியைப் படிக்கும் முறையை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பதினேழு வருஷமாக நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு தினமும் இதைப் படிக்கிற ஆளாக, நான் செய்வதை இங்கே எழுதுகிறேன்.

எந்தச் செய்தி வந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, இது இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான். யார் சொன்னார்கள், நல்லதா கெட்டதா, நம்மைப் பாதிக்குமா என்பதெல்லாம் அதற்கப்புறம். அமெரிக்காவில் ஒரு யோசனை சட்டமாவதற்குள் ஏகப்பட்ட படிகள் இருக்கின்றன, ஒவ்வொரு படியிலும் அது தலைப்புச் செய்தியாகிறது, எல்லாத் தலைப்பும் ஒரே மாதிரிதான் தொனிக்கும். காங்கிரஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றம்; பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு சபை. இரண்டு ஆண்டு நடக்கும் ஒரு காங்கிரஸில் பத்தாயிரத்துக்கும் மேல் மசோதாக்கள் தாக்கலாகின்றன. சட்டமாவது சில நூறு. அதனால் 'மசோதா தாக்கல்' என்று இருந்தால், ஒரு உறுப்பினர் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் டென்னசியைச் சேர்ந்த ஆண்டி ஓகில்ஸ் என்ற பிரதிநிதி, டிரம்ப் மூன்றாவது முறையும் அதிபராக வழி செய்யும் அரசியல் சட்டத் திருத்தத் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார். அது தமிழ் வாட்ஸ்அப்பில் 'மூன்றாவது முறை டிரம்ப், சட்டம் வருகிறது' என்று சுற்றியது. அது நடக்க இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அப்புறம் 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒரு திருத்தம் அப்படி நிறைவேறியது 1992இல்.

படி ஏற ஏற உள்ளே இருக்கும் விஷயமும் மாறும் என்பதற்கு நம் எல்லோருக்கும் நேரடியாகத் தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. ஊருக்குப் பணம் அனுப்பினால் வரி. 2025 மே மாதம் பிரதிநிதிகள் சபையின் மசோதாவில் அது 5 சதவீதம் என்று தொடங்கியது, குடியுரிமை இல்லாதவர்களுக்கு மட்டும். என் சித்தப்பா போன் செய்து, வீட்டுக் கடனுக்கு அனுப்புகிற பணத்தை எல்லாம் இப்போதே மொத்தமாக அனுப்பிவிடு என்றார். அந்தச் சபை நிறைவேற்றியபோது 3.5 ஆகிவிட்டது. செனட்டைத் தாண்டி ஜூலை 4 அன்று அதிபர் கையெழுத்துப் போட்டபோது 1 சதவீதம்; அதுவும் ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர்ஸ் செக் மாதிரி கையில் கொடுத்து அனுப்பும் பணத்துக்கு மட்டும், குடிமகனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ, அமெரிக்க டெபிட் கார்டு, கிரெடிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் வரி இல்லை. 2026 தொடக்கத்திலிருந்து அமல். மே மாதச் செய்தியை மட்டும் படித்தவர்கள் இன்னமும் 5 சதவீதம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் படியில் படித்தீர்களோ அந்தத் தேதியையும் சேர்த்து மனதில் வையுங்கள். அடுத்தவருக்குச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு நடைமுறையில் 60 ஓட்டு வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மொத்தம் 100 பேர், 51 இருந்தால் பெரும்பான்மைதானே என்று தோன்றும். விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்கு வரவே 60 வேண்டும் என்பது செனட்டின் விதி. 2025இல் அதிபர், இரண்டு சபைகள் எல்லாம் குடியரசுக் கட்சியின் கையில். அப்படியிருந்தும் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அரசாங்கம் முடங்கியது, அதுவரை இல்லாத நீளம். காரணம் இந்த 60தான். ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் மானியத்தை நீட்டிக்காமல் ஓட்டுப் போட மாட்டோம் என்று ஜனநாயகக் கட்சியினர் நின்றார்கள். அப்படியானால் பணம் அனுப்பும் வரி இருந்த அந்த ஜூலை மசோதா மட்டும் எப்படித் தாண்டியது? வரவு செலவு சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று ஒரு தனி வழி இருக்கிறது, அதில் போனது. அங்கேயும் 50க்கு 50 என்று நின்று துணை அதிபர் வான்ஸ் ஓட்டில்தான் தேறியது.

அதிபரின் நிர்வாக ஆணையை மட்டும் தனியாகப் பாருங்கள். அதற்குக் காங்கிரஸ் ஓட்டு வேண்டாம், கையெழுத்துப் போட்ட அன்றே பெரிய செய்தியாகும். ஆனால் பெரும்பாலான ஆணைகள், இன்ன துறை இத்தனை நாளுக்குள் இன்ன விதியை எழுத வேண்டும் என்று உத்தரவிடுகிற தாள்கள்தான். துறை எழுத வேண்டும், யாராவது வழக்குப் போடுவார்கள், நீதிமன்றம் நிறுத்தலாம். வெள்ளை மாளிகை இணையதளத்தில் முழு உரையும் கிடைக்கும், பெரும்பாலும் சில பக்கம்தான் இருக்கும். நீளமான முன்னுரையைத் தாண்டி, எண் போட்ட பிரிவுகளிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். எப்போது முதல், எத்தனை காலம், யாருக்கு விலக்கு என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். எச்-1பி பிரகடனம் 12 மாதத்துக்கு மட்டும் என்று இருந்தது, அதை எத்தனை பேர் சொன்னார்கள்?

நீதிமன்றச் செய்தியில்தான் அதிகமான தவறு நடக்கிறது, அதனால் இதில் கொஞ்சம் நின்று போகலாம். 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. 'பிறப்புரிமைக் குடியுரிமை போச்சு' என்று எங்கள் குரூப்பில் மதியமே வந்துவிட்டது. கர்ப்பமாக இருந்த ஒரு பெண் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார். அவரும் கணவரும் விசாவில் இருப்பவர்கள். டிரம்ப் பதவியேற்ற அன்று கையெழுத்திட்ட ஆணை, பெற்றோர் இருவரும் தற்காலிக விசாவில் இருந்தாலும் அமெரிக்காவில் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று சொன்னது, அதனால் அவருடைய கவலை நியாயமானது. நாங்கள் இருவரும் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு தீர்ப்பின் பிடிஎஃபைத் திறந்தோம். நூறு பக்கத்துக்கு மேல். மிரள வேண்டாம். முதல் சில பக்கங்களில் 'சிலபஸ்' என்று ஒரு சுருக்கம் இருக்கும், நீதிமன்ற அலுவலர் தயாரித்தது, தீர்ப்பின் பகுதி ஆகாது, ஆனால் வழிகாட்டும். அதற்கப்புறம் யார் எழுதினார், யாரெல்லாம் சேர்ந்தார்கள் என்று இருக்கும். இந்த வழக்கில் எழுதியவர் நீதிபதி ஏமி கோனி பாரெட். குடியுரிமை ஆணை அரசியல் சட்டத்துக்கு விரோதமா என்ற கேள்வி எங்கள் முன் இல்லை, அதை நாங்கள் தொடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். தீர்ப்பு எதைப் பற்றியதென்றால், ஒரு மாவட்ட நீதிபதி வழக்குப் போட்டவரையும் தாண்டி நாடு முழுவதற்கும் தடை போடலாமா என்பது பற்றி. போட முடியாது என்றது. சில நாளிலேயே நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு நீதிபதி, பாதிக்கப்படும் குழந்தைகள் எல்லோரையும் ஒரே குழுவாகச் சேர்த்த வழக்கில் அந்த ஆணையை மறுபடி நிறுத்தினார்.

பாரெட் அப்படிச் சொன்ன பக்கத்தை அன்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூன்று தடவை வாசித்தோம். அவர் அழுகை நின்றது. பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, ஆனால் பிரச்சினையின் அளவு தெரிந்துவிட்டது. மூலத் தாளைத் திறக்கச் சொல்லி நான் எல்லோரையும் நச்சரிப்பதற்கு அந்த மத்தியானம்தான் காரணம்.

இதோடு இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். 'உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது' என்றால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு சரி என்று அவர்கள் சொன்னதாக ஆகாது. ஆண்டுக்குச் சில ஆயிரம் மனுக்கள் வருகின்றன, அறுபது எழுபது வழக்கைத்தான் எடுக்கிறார்கள். அதே போல் 4க்கு 4 என்று சமமாகப் பிரிந்தால் கீழ்த் தீர்ப்பு அப்படியே நிற்கும், ஆனால் மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணம் ஆகாது.

அந்த 4க்கு 4 உண்மையில் நடந்தது ஒரு மத வழக்கில். ஓக்லஹோமாவில் ஒரு கத்தோலிக்க ஆன்லைன் பள்ளியை அரசுப் பணத்தில் சார்ட்டர் பள்ளியாக (அரசு அனுமதியோடு தனி அமைப்பு நடத்தும் இலவசப் பள்ளி) நடத்தலாமா என்ற கேள்வி, 2025 மே மாதம். பாரெட் விலகிக்கொண்டதால் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர். அந்த மாநில உச்ச நீதிமன்றம் கூடாது என்றது நின்றது. அந்தக் கேள்வி இன்னொரு வழக்கில் மறுபடி வரலாம்.

மதத்தைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது நம் ஊர்க் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டு வாக்குறுதி இருக்கிறது: அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, யாருடைய வழிபாட்டையும் தடுக்கக் கூடாது. ஏறக்குறைய எல்லா வழக்கும் இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதுதான். 'அமெரிக்கப் பள்ளிகளில் பிரார்த்தனைக்குத் தடை' என்று அடிக்கடி வரும் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, அரசு எழுதிக் கொடுத்துப் பள்ளியே நடத்தும் பிரார்த்தனையை. ஒரு பிள்ளை தானாகச் சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடிக் கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. 2022இல், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டு ஜெபித்த ஓர் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளருக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் என்ற பேச்சு, அரசியல் சட்டத்தில் உள்ள சொல் இல்லை. தாமஸ் ஜெஃபர்சன் 1802இல் கனெக்டிகட்டில் இருந்த டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய கடிதத்தில் வருவது. அவர்கள் அங்கே சிறுபான்மைக் கிறிஸ்தவர்கள், தங்கள் வழிபாட்டு உரிமையை மாநிலம் ஏதோ சலுகை மாதிரி நடத்துகிறது என்று முறையிட்டவர்கள். பக்தி உள்ளவர்களைக் காப்பாற்றவும்தான் அந்தச் சுவர் என்பதை நினைவில் வைத்தால் பல வாதங்கள் வேறு மாதிரித் தெரியும்.

'கிறிஸ்தவர்கள் எல்லாம் இந்தக் கட்சிக்கு' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வெள்ளையின எவாஞ்சலிகல்களில் (பைபிளை முதன்மையாக வைத்து நற்செய்தியைப் பரப்பும் புராட்டஸ்டண்டுகள்) பத்தில் எட்டுப் பேர் 2016, 2020, 2024 மூன்றிலும் டிரம்புக்குப் போட்டார்கள் என்பது உண்மை. ஏறக்குறைய அதே பைபிளை அதே தீவிரத்தோடு படிக்கும் கறுப்பினப் புராட்டஸ்டண்டுகளில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறார்கள். கத்தோலிக்கர்கள் பிரிந்தே நிற்கிறார்கள். கருக்கலைப்பை உறுதியாக எதிர்க்கும் அதே அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள்தான் 2025 நவம்பரில் பால்டிமோரில் கூடி, கண்மூடித்தனமான மொத்த நாடுகடத்தலை எதிர்க்கிறோம் என்று அறிக்கை விட்டார்கள். துணை அதிபர் வான்ஸ் கத்தோலிக்கர், பாரெட் கத்தோலிக்கர், அவரோடு அடிக்கடி மாறுபட்டுத் தீர்ப்பு எழுதும் உச்ச நீதிமன்ற நீதிபதி சோட்டோமேயரும் அப்படி வளர்ந்தவர். மதத்தின் பெயரை மட்டும் வைத்து ஒருவரின் ஓட்டைக் கணிக்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன், நீங்களும் விட்டுவிடலாம்.

இப்போது செய்தி எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருவோம். அமெரிக்க கேபிள் டிவியில் பகலில் ஓடுவது ஒன்று, இரவு எட்டு மணிக்கு மேல் ஓடுவது வேறொன்று. இரவில் பேசுகிறவர்கள் கருத்துச் சொல்கிறவர்கள், அவர்கள் வேலையே அதுதான். நம் தமிழ் யூடியூபில் அமெரிக்க அரசியல் பேசும் பல சானல்கள் அந்த இரவு நேரப் பேச்சை எடுத்து, கருத்து என்ற அடையாளத்தைக் கழற்றிவிட்டு, 'அமெரிக்க ஊடகம் சொல்கிறது' என்று தருகின்றன. இது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் பார்ப்பவர்கள் நம் அப்பா அம்மாக்கள். பத்திரிகையிலும் இதே கவனம் வேண்டும். வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் செய்திப் பக்கமும் தலையங்கப் பக்கமும் தனித்தனி ஆட்கள் நடத்துவது, சில நாள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கும். மேலே 'ஒப்பீனியன்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் படியுங்கள்.

முன்பெல்லாம் ஊடகம் நடுநிலையாக இருந்தது, ஒரு சட்டத்தை எடுத்ததால் கெட்டுவிட்டது என்று அடிக்கடி கேள்விப்படுவீர்கள். அதில் பாதி உண்மை. ஃபேர்னஸ் டாக்ட்ரின் என்று 1949 முதல் 1987 வரை ஒரு விதி இருந்தது, பொது விஷயத்தில் எதிர்க் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று. ஆனால் அது முக்கியமாக அரசு உரிமம் வாங்கிய ரேடியோவுக்கும் அலைவரிசை டிவிக்கும் எழுதிய விதி. செய்தித்தாளுக்கு அது பொருந்தியதில்லை; ஃபாக்ஸ் நியூஸ், சிஎன்என் மாதிரி கேபிள் சானல்கள் அப்படி அலைவரிசை உரிமம் வாங்கி நடப்பவை இல்லை, அதனால் இன்று அதைத் திரும்பக் கொண்டுவந்தாலும் அவை மாறிவிடும் என்று சொல்ல முடியாது. பொய்க்கு விலை கொடுக்க வைப்பது அவதூறு வழக்குதான்: 2020 தேர்தல் பற்றிய பொய்களுக்காக டொமினியன் என்ற வாக்கு இயந்திரக் கம்பெனி போட்ட வழக்கில், 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் 787.5 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்த வழக்கில் வெளியான உள் மெசேஜ்களில், திரையில் ஒளிபரப்பான குற்றச்சாட்டுகளைத் தொகுப்பாளர்களே தனிப்பட்ட முறையில் நம்பவில்லை என்பது தெரிந்தது.

நான் செய்வது சுலபமானது. பெரிய செய்தி என்றால் ஏபி அல்லது ராய்ட்டர்ஸ் என்ற செய்தி நிறுவனங்களில் அதே செய்தியைத் தேடுவேன். எல்லாக் கட்சிக்காரர்கள் படிக்கும் பத்திரிகைகளுக்கும் அவர்கள் விற்பதால், அடைமொழி குறைவாக இருக்கும். அப்புறம் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யார் சொன்னது' என்று விரல் வைத்துப் பார்ப்பேன். பெயரோடு சொன்னாரா, 'விவரம் அறிந்த ஒருவர்' சொன்னாரா, ஆவணம் சொல்கிறதா. பெயர் இல்லாத ஆள் என்றால் பொய் என்று ஆகிவிடாது, பெரிய ஊழல்கள் வெளியே வந்ததே அப்படித்தான்; ஆனால் இரண்டு நாள் பொறுத்து மற்ற பத்திரிகைகள் தாங்களாகவே அதை உறுதி செய்கின்றனவா என்று பார்க்கலாம். அவசரம் இல்லாத விஷயத்துக்கு இரண்டு நாள் காத்திருப்பதால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

விலைவாசி, வேலை பற்றிய எண்களுக்கும் இதே பொறுமை வேண்டும். 'பணவீக்கம் குறைந்தது' என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை, ஏறும் வேகம் குறைந்தது என்றுதான். 2022 ஜூனில் 9.1 சதவீதம், 2023 ஜூனில் 3 சதவீதம். 2021 ஜூனில் 100 டாலருக்கு வாங்கிய சாமான் ஒரு வருஷத்தில் 109 ஆகி, அடுத்த வருஷம் 112 ஆனது. அதனால் வேகம் குறைந்தது என்று பைடன் அரசு சொன்னதும் உண்மை, கடையில் பில் அதிகமாகிறது என்று மக்கள் சொன்னதும் உண்மை, அந்த இரண்டு உண்மைக்கும் நடுவே ஒரு தேர்தலே நடந்து முடிந்தது. முட்டை விலை 2025 மார்ச்சில் சராசரியாக டஜன் 6.23 டாலர் வரை போனபோது இரு கட்சியும் மாறி மாறிப் பழி போட்டன. பறவைக் காய்ச்சலில் கோடிக்கணக்கான முட்டைக் கோழிகளை அழிக்க வேண்டி வந்ததுதான் பெரிய காரணம். வேலைவாய்ப்பு அறிக்கை பொதுவாக மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வரும், அது முதல் கணக்கு மட்டுமே. கம்பெனிகள் தாமதமாகத் தரும் தகவலைச் சேர்த்து அடுத்த இரண்டு மாதமும் திருத்துவார்கள். 2025 ஆகஸ்ட் 1 அன்று மே, ஜூன் இரண்டுக்கும் சேர்த்து 258,000 வேலைகளைக் குறைத்துத் திருத்தினார்கள்; அன்றே டிரம்ப் அந்தக் கணக்கை வெளியிடும் துறையின் தலைவரைப் பதவி நீக்கினார். திருத்தம் என்பது காலம் காலமாக நடப்பது, அதைத் தில்லுமுல்லு என்று சொல்பவரிடம் ஆதாரம் கேளுங்கள்.

கருத்துக்கணிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஆயிரம் பேரைக் கேட்டால் மூன்று புள்ளி முன்னே பின்னே இருக்கலாம். அதே ஆயிரத்தில் நூறே பேர் இருக்கும் ஒரு பிரிவைப் பற்றி என்றால் பத்துப் புள்ளி. 'ஆசிய அமெரிக்கர்கள் இப்படி நினைக்கிறார்கள்' என்று ஒரு சாதாரணக் கணிப்பிலிருந்து எடுத்துச் சொன்னால் அதை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. 2016இல் கணிப்புகள் எல்லாம் பொய் என்பார்கள்; நாடு தழுவிய கணிப்பு ஓரளவு சரியாகவே இருந்தது, ஹிலாரி கிளிண்டன் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து எண்பதாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அதிபர் தேர்தல் மாநிலம் மாநிலமாகத்தான் தீர்மானமாகிறது, அதனால் மாநில எண்ணைப் பாருங்கள்.

கருத்துச் சொல்வது பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் விசாவுக்கே ஆபத்து. பேச்சுரிமை என்று அங்கே சொல்வது அரசாங்கம் உங்கள் வாயை அடைக்கக் கூடாது என்பதற்கு. தனியார் கம்பெனி உங்கள் பதிவைப் பார்த்து வேலையை விட்டு எடுத்தால் அரசியல் சட்டத்தின் அந்த முதல் திருத்தம் பொதுவாகக் காப்பாற்றாது. 2025 ஜூன் முதல் மாணவர் விசாவுக்கும், டிசம்பர் 15 முதல் எச்-1பி விசாவுக்கும், அவர்கள் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவுக்கும் மனுப் போடுபவர்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பயந்து வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கோபத்தில் அடுத்தவர் பதிவைப் பகிர்வதை விட்டுவிட்டு, உங்கள் சொந்த வார்த்தையில், நீங்கள் படித்துப் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கிரீன் கார்டு இருந்தால் வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கலாம். எச்-1பி அல்லது எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. சம்பளம் வாங்காமல் தொண்டராக வேலை செய்யலாம். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று திரையில் கேட்கும், குடிமகன் இல்லாதவர்கள் அங்கே கவனமில்லாமல் 'ஆம்' என்று அமுக்கிவிட்டால் நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். வீட்டில் பதினெட்டு வயசுப் பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, உங்கள் ஊர். எங்கள் ஊரில் ஒரு வசந்த காலத்தில், பள்ளி பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் டிரம்ப்தான் காரணம், இன்னொரு பக்கம் குடியேறிகளுக்குச் செலவழித்ததுதான் காரணம் என்று இரண்டு வாரம் அடித்துக்கொண்டார்கள். நான் ஸ்கூல் போர்டு கூட்டத்தின் அஜெண்டாவைத் திறந்து பார்த்தேன், கூட்டத்துக்கு முன்பே இணையத்தில் போட்டுவிடுவார்கள். நியூ ஜெர்சி சட்டப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2 மைலுக்கு மேல், ஹைஸ்கூலுக்கு 2.5 மைலுக்கு மேல் இருந்தால்தான் பஸ் கட்டாயம். அதற்குள் இருப்பவர்களுக்கு விடுவது 'கர்ட்டசி' பஸ், ஊர் விருப்பப்பட்டு விடுவது. 2018இல் மாநிலம் நிதி பிரிக்கும் முறையை மாற்றி ஏழு வருஷத்தில் படிப்படியாக அமல்படுத்தியதில் எங்கள் பள்ளிகளுக்கு வரும் பணம் குறைந்தது. சொத்து வரியை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றவும் விதி அவ்வளவு சுலபமாக விடாது. நடுவில் மாட்டியது பஸ்.

கூட்டத்துக்குப் போய் வாசலில் இருந்த தாளில் பெயர் எழுதினேன். மூன்று நிமிஷம் தருவார்கள், பெயரும் தெருவும் சொல்லிவிட்டுப் பேச வேண்டும், முன்னால் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். டிரம்பைப் பற்றியோ பைடனைப் பற்றியோ நான் பேசவில்லை. எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கு 1.7 மைல், நடுவில் நான்கு வழிச் சாலையைக் கடக்க வேண்டும், நடைபாதை பாதி தூரத்தில் முடிந்துவிடுகிறது என்று மூன்று போட்டோவைக் காட்டிச் சொன்னேன். எனக்கு அடுத்துப் பேசியவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர், அவர் வீட்டு வாசலில் நான் ஓட்டுப் போட மாட்டாத கட்சியின் போர்டு வருஷம் முழுக்க நிற்கும். அவரும் அதே சாலையைப் பற்றித்தான் பேசினார். எங்கள் தெருவுக்கு மட்டும், அந்தச் சாலை ஆபத்தானது என்று வகைப்படுத்தி, பஸ் தொடரும் என்று அடுத்த மாதம் முடிவானது. மற்ற தெருக்களுக்கு நின்றுவிட்டது. அவர்களுக்காக அடுத்த கூட்டத்துக்கு நானும் அவரும் ஒரே காரில் போனோம்.